ஆற்றை விடாமல் மிதியுங்கள்: வட போர்ச்சுகல் கிராமங்களுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

போர்ச்சுகல் என்றால் நம்மவர்களுக்கு லிஸ்பன், போர்ட்டோ, முட்டை டார்ட். அதற்கும் வடக்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மூலைக்குப் போகிறவர்கள் குறைவு. மின்யோ என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். லீமா, மின்யோ என்ற இரண்டு ஆறுகள் அதன் வழியாக ஓடி அட்லாண்டிக் கடலில் கலக்கின்றன. நான் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் தாதி. விடுப்பைச் சேர்த்துவைத்து அக்காவோடு சைக்கிளில் ஊர் பார்ப்பது வழக்கம். இருவருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்தக் கிராமங்களை மனம் நிறையப் பார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழிதான் உண்டு என்று உறுதியாகச் சொல்வேன்: ஆற்றங்கரையை விட்டு விலகாதீர்கள்.

காரணம் மலை. நம் தீவின் உச்சியான புக்கிட் தீமா 164 மீட்டர்தான். அங்கே ஆற்றை விட்டுத் திரும்பினால், அடுத்த ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அதைவிட அதிகம் ஏற வேண்டிவரலாம். மஞ்சள் அம்புக்குறிகளைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அவை ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு நடந்து போகும் யாத்திரிகர்களுக்கானவை. போன்டெ டி லீமாவிலிருந்து வடக்கே அந்த அம்புக்குறிகள் லப்ரூஜா மலையில் கொண்டுபோய் விடும். பாறையும் வேரும் நிறைந்த ஏற்றம் அது. பை கட்டிய சைக்கிளை அங்கே தள்ளத்தான் முடியும்.

எப்போது போவது? மே, ஜூன், செப்டம்பர். குளிர்காலத்தில் மழை விடாது. போர்ச்சுகலிலேயே அதிகம் நனையும் வட்டாரங்களில் இது ஒன்று. ஆகஸ்டில், பிரான்சுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் ஊர் திரும்புவார்கள். திருவிழா, ஒலிபெருக்கி, வாணவேடிக்கை என்று கிராமங்கள் நிரம்பி வழியும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் அமைதி தேடிப் போகிறவருக்கு அது மாதமல்ல. ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லாமல் ஓட்டலாம்.

பயிற்சிக்கு நம் ஊரே போதும். 2011ல் ரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதையான ரெயில் காரிடாரில் கிராஞ்சியிலிருந்து தெற்கே ஓட்டிப் பழகுங்கள். மின்யோ ஆற்றோரம் நீங்கள் போகப்போவதும் இதே போன்ற பாதைதான். சாங்கி முனையிலிருந்து படகில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு புலாவ் உபின் போனால் சரளைக்கல்லும் மேடும் பழகிவிடும். பயணத்தில் கட்டப்போகும் பைகளை அரிசி மூட்டையால் நிரப்பிக்கொண்டு மவுண்ட் ஃபேபர் ஏறிப் பாருங்கள். எதை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்பது அப்போது தானாகவே தெரிந்துவிடும். கால்கள் பழகினாலும் கண்கள் பழக நேரமாகும்: அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். சாலை வட்டத்தில் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், நுழையும்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். முதல் நாள் காலையில் கார் அதிகமில்லாத இடத்தில் ஒரு மணி நேரமாவது இதற்கென்றே ஓட்டுங்கள்.

சைக்கிளை இங்கிருந்து தூக்கிக்கொண்டு போவதைவிட அங்கே வாடகைக்கு எடுப்பதே மேல். ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: அகலமான டயர், 40 மில்லிமீட்டர் அளவாவது. கிராமத் தெருக்களில் கருங்கல் பாவியிருப்பார்கள். மெலிந்த டயர் கல் இடுக்கில் மாட்டும், மணிக்கட்டு வலிக்கும், மழை பெய்தால் கல் வழுக்கும். மின்சைக்கிள் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். சாதாரண சைக்கிளுக்குத் தலைக்கவசம் அங்கே சட்டப்படி கட்டாயமில்லை; நான் கழற்றுவதில்லை, நீங்களும் கழற்றாதீர்கள்.

வழி இதுதான். போர்ட்டோவின் கம்பன்யா நிலையத்தில் வட்டார ரயில் ஏறி வியானா டு காஸ்டெலோவில் இறங்குங்கள். லீமா ஆறு கடலில் சேரும் ஊர் அது. 1878ல் ஐஃபல் நிறுவனம் கட்டிய இரும்புப் பாலம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போங்கள். போன்டெ டி லீமாவுக்கு நிதானமாக ஒரு நாள். மண்பாதை வரும், மழைக்குப் பின் சேறாகியிருக்கும். அப்போது பக்கத்துச் சிறு சாலைக்கு மாறிக்கொள்ளலாம். இந்த ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். 1125ல் பட்டயம் பெற்ற பழைய ஊர். ஆற்று மணலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திங்கட்கிழமைச் சந்தை கூடும். கரையில் ரோமானியப் படைவீரர்களின் சிலைகள் அணிவகுத்து நிற்கும். லீமாவைக் கடந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று அஞ்சி நின்ற படையை, தளபதி தானே கடந்து அக்கரையிலிருந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு அழைத்தார் என்பது கதை. மறுநாள் பைகளை அறையிலேயே வைத்துவிட்டுப் போன்டெ டா பார்க்கா வரை போய்த் திரும்புங்கள். அதற்கும் மேலே, வேஸ் ஆற்றோரமாகச் சிஸ்டெலோ வரை போகும் பாதையில் மரப்படிகள் வரும். அது நடப்பவர்களுக்கானது.

போகும் வழியில் நெடுகக் கண்ணில் படுவது சோளக் களஞ்சியம். நீளமாக, ஓர் ஆள் நுழையும் அகலத்தில், கல்லோ மரமோ வைத்துக் கட்டிய பெட்டி. கருங்கல் கால்களின் மேல் நிற்கும். பக்கவாட்டில் காற்று புக இடுக்கு விட்டிருப்பார்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் காலைவிட அகலமான ஒரு தட்டைக்கல். எலி ஏறி வந்தால் அந்தக் கல்லின் அடியில் முட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கூரை உச்சியில் ஒரு சிறு சிலுவை. நம் பாட்டி வீட்டுக் குதிருக்குக் கால் முளைத்ததுபோல் இருக்கும். இறங்கி, அந்தத் தட்டைக்கல்லின் அடியில் கை வைத்துப் பாருங்கள். எவ்வளவு யோசித்துச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது புரியும். இதற்காகத்தான் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர் போதும் என்கிறேன்.

லீமாவை முடித்து வியானாவுக்குத் திரும்பி, ரயிலில் காமின்யா போங்கள். கோடையில் பிற்பகலில் கடலோரம் வடக்கிலிருந்து காற்று முகத்தில் அறையும், அதனால் அந்தத் துண்டை ரயிலில் கடப்பதே நல்லது. காமின்யாவிலிருந்து மின்யோ ஆற்றோரம் மேலேறினால் செர்வெய்ரா, பிறகு கோட்டை நகரமான வலென்சா. வலென்சாவிலிருந்து மொன்சாவ் வரை 1990ல் மூடிய ரயில் பாதையை 2004ல் சைக்கிள் பாதையாக்கித் திறந்தார்கள். நாட்டிலேயே அப்படித் திறந்த முதல் பாதை அது. இருபுறமும் கருங்கல் தூண்களில் படரவிட்ட திராட்சைக் கொடி, வழியில் பழைய நிலையக் கட்டடங்கள். லப்பேலாவில் நின்று ஆற்றோரக் கோபுரத்தைப் பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். அக்கரை ஸ்பெயின், அங்கே நேரம் ஒரு மணி கூடுதல். கைப்பேசி அடிக்கடி அக்கரை அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தை முன்னால் தள்ளிவிடும், பிறகு திரும்ப இழுக்கும். ரயிலும் உணவகமும் இதனால் கைநழுவிப் போகலாம். நேரத்தைத் தானாக மாற்றும் வசதியை நிறுத்திவிடுங்கள், அல்லது கைக்கடிகாரம் கட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் பகல் பன்னிரண்டரையிலிருந்து இரண்டுக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். அதன் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். நம் உணவங்காடி நிலையம்போல் எந்நேரமும் கிடைக்காது. திங்கட்கிழமை பல கடைகள் மூடியிருக்கும். ஒரு பங்கு இருவருக்குக் காணும், ‘மெய்யா டோஸ்’ என்று கேட்டால் அரைப் பங்கு தருவார்கள். கேட்காமல் மேசையில் வைக்கும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். அக்கா சைவம். கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும் என்பதால் ‘செம் கார்ன’ (இறைச்சி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாமல் ‘செம் ஷோரீசு, செம் பெய்ஷ்’ என்று தொத்திறைச்சி, மீன் இரண்டையும் பெயர் சொல்லி மறுத்துவிடுவார். சோளரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி சாலட், கூடவே பையில் ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் இருந்தால் மதியம் தீர்ந்தது.

கிராமத்துக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைத்து, வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நீங்கள்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்: மதியம் வரை ‘போம் டியா’, பிறகு ‘போவா டார்ட்’. அதைச் சொல்லிவிட்டால் வழி காட்டுவார்கள், தண்ணீர் தருவார்கள். தெருக்குழாய்த் தண்ணீரைப் பிடிக்கும் முன் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதிக்காத தண்ணீர் என்று எழுதியிருந்தால் கை கழுவ மட்டும். நாய் துரத்தினால் மிதித்துத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, சைக்கிளை இடையில் நிறுத்தி, மெதுவாக நடங்கள். அதன் எல்லை முடிந்ததும் நின்றுவிடும். அவசர உதவிக்கு 112.

மொன்சாவில் இப்போது ரயில் இல்லை. திரும்ப வலென்சாவுக்கு ஓட்டிவந்துதான் போர்ட்டோ ரயிலைப் பிடிக்க வேண்டும். வட்டார ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் இடம் குறைவு. கடைசி ரயிலை நம்பாமல் அதற்கு முந்தியதற்கே போய்விடுங்கள். நடைமேடையில் பைகளைக் கழற்றித் தயாராக நின்று, சைக்கிள் படம் போட்ட கதவைத் தேடுங்கள். ஒருவர் முதலில் ஏறிக்கொண்டால் மற்றவர் கீழிருந்து சைக்கிள்களை எடுத்துக் கொடுக்கலாம்.