திரையில் ‘ஐஇ’ வந்தால் முதலில் குழாயைப் பாருங்கள்: வாஷிங் மெஷின் கோளாறுகளுக்கு ஒரு செய்முறை

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவையல் பாதியில் இருக்கும்போது மெஷின் கத்திவிட்டு நின்றது. திரையில் ‘ஐஇ’ (IE) என்ற ஆங்கில எழுத்துகள். மெக்கானிக் வந்தார். பின்பக்க ஹோஸைக் கழற்றி, அது மாட்டியிருந்த துளைக்குள்ளிருந்து கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் வலையை உருவினார். உள்ளங்கையில் தட்டினார். சாம்பல் நிற மணலும் துருவும் விழுந்தன. கழுவி மாட்டினார். மொத்தம் பத்து நிமிடம், 500 ரூபாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வெயிலில் மூன்று மாடி ஏறி வந்தவர். கோபமெல்லாம் என் மேல்தான்.

அந்த எழுத்துகள் மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. ‘தண்ணீருக்குக் காத்திருந்தேன், வரவில்லை’ என்றுதான் சொல்கின்றன. சென்னையில் இது பெரும்பாலும் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள தகராறு.

எந்தக் குறியீடு வந்தாலும் முதலில் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ஐந்து நிமிடம் விடுங்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கியதால் வந்த குழப்பம் என்றால் இதிலேயே போய்விடும். மீண்டும் வந்தால் மேலே தொடருங்கள்.

தண்ணீர் ஏறவில்லை

எல்ஜியில் ‘ஐஇ’, சாம்சங்கில் ‘4சி’ அல்லது பழைய மெஷினானால் ‘4இ’. முதலில் மெஷினுக்குப் போகும் குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டிலேயே ஒருமுறை குழாய் மூடித்தான் இருந்தது.

அது சரியாக இருந்தால், குழாயை மூடுங்கள். ஒரு வாளியைப் பின்னால் வைத்து, மெஷின் பக்கத்து ஹோஸைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். ஹோஸுக்குள் நிற்கும் தண்ணீர் வாளியில் இறங்கட்டும். மெஷினின் துளைக்குள் நடுவில் சின்னக் காம்போடு வலை தெரியும். இடுக்கியால் காம்பைப் பிடித்து நேராக இழுங்கள், ஆட்டி உடைத்துவிடாதீர்கள். பழைய பல் துலக்கியால் இரு பக்கமும் தேயுங்கள். போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து போக மறுத்தால், எலுமிச்சைச் சாற்றில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். மாட்டும்போது ஹோஸுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்துவிட்டால் சொட்டுச் சொட்டாக ஒழுகும். லாரித் தண்ணீர் சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், கொட்டிய மறுநாள் கலங்கல் மேலே ஏறும். கோடையில் மாதம் ஒருமுறை இந்த வலையைக் கழுவிவிடுவது நல்லது.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெலிதாக வந்தால் அது அழுத்தத்தின் கணக்கு. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர்தான் ஏறக்குறைய ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவருக்கு இடைவெளி 3 மீட்டர்தான், 0.3 பார். அதே கட்டடத்தின் தரைத்தளத்துக்காரர் கவலையில்லாமல் துவைக்க, மேல்மாடியில் மெஷின் தவிப்பது இதனால்தான். தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் துவையுங்கள். மேலிருந்து துணி போடும் மெஷின் என்றால் வாளியால் நேரே ஊற்றியும் ஒப்பேற்றலாம். முன்கதவு மெஷினுக்கு அந்த வழி கிடையாது. அதற்கு ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர் வெளியேறவில்லை

எல்ஜியில் ‘ஓஇ’, சாம்சங்கில் ‘5சி’. திரையில் இந்த ஐந்து ஆங்கில ‘எஸ்’ போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். முன்கதவு மெஷினில் கீழ்மூலையில் சிறிய மூடி ஒன்று இருக்கும். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை பொறுங்கள். பழைய துணியும் தட்டையான தட்டும் கீழே வைத்து, அருகிலுள்ள சிறு குழாயின் அடைப்பை எடுத்துத் தண்ணீரை வடியுங்கள். பிறகு பெரிய திருகை இடப்பக்கமாகச் சுற்றி இழுங்கள். நாங்கள் திறந்தபோது இரண்டு ஊக்குகள், ஒரு ரூபாய் நாணயம், என் மாமியாரின் ரவிக்கைக் கொக்கி, நூல் கற்றையோடு சாம்பல் களி. அவ்வளவும் ஒரே வருடத்துச் சேமிப்பு. உள்ளே தெரியும் சிறு விசிறி விரலால் தள்ளினால் நகர வேண்டும்.

மேலிருந்து துணி போடும் மெஷின்கள் பலவற்றில் பம்ப் கிடையாது. தண்ணீர் தானாகவே இறங்க வேண்டும். அதனால் கழிவு ஹோஸ் தரையோடு படுத்திருக்க வேண்டும். கழுவும் தொட்டியின் விளிம்பில் தூக்கி வைத்தால் ‘ஓஇ’ வராமல் என்ன செய்யும்?

ஆட்டமும் கதவும்

‘யூஇ’, சாம்சங்கில் ‘யூபி’ என்றால் துணி ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டது. தனியாகப் போட்ட ஜமக்காளம்தான் வழக்கமான குற்றவாளி. பிரித்து உதறிப் போடுங்கள், கூடவே இரண்டு துண்டுகளைச் சேருங்கள். நம் வீடுகளில் துவைக்கும் இடத்துத் தரை சாக்கடைத் துளையை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மெஷின் மேல் வைத்தால் சரிவு தெரியும். கால்களைத் திருகிச் சமப்படுத்துங்கள்.

‘டிஇ’ அல்லது ‘டிசி’ என்றால் கதவு சரியாக மூடவில்லை. ரப்பர் மடிப்பில் கைக்குட்டை ஏதும் சிக்கியிருக்கிறதா பாருங்கள். ‘சிஎல்’ என்று வந்தால் கோளாறே இல்லை. வீட்டுக் குழந்தை பொத்தானைப் பிடித்து விளையாடியிருக்கிறது. பூட்டுப் படம் உள்ள பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

கைவைக்கக் கூடாதவை

அணைத்த பிறகும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது, கருகிய வாடை வருகிறது என்றால் குழாயை மூடி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். 2015, 2023 டிசம்பர்களைப் போல வெள்ளம் வீட்டுக்குள் வந்து மெஷினின் அடிப்பாகம் நனைந்திருந்தால், வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் பிளக்கைச் செருகாதீர்கள். தொலைபேசியில் மெக்கானிக்கிடம் குறியீடு, மாடல் எண், ஊறும்போது நின்றதா அலசும்போதா பிழியும்போதா என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். தேவையான பாகத்தோடு வருவார். இரண்டாவது முறை படியேற வேண்டியிருக்காது.