கழுத்து புடிச்சுக்கிச்சா? கையாலயே எளக்கி விடலாம்

மாங்கா சீசன் வந்தா எங்க கிருஷ்ணகிரி பக்கம் நாள் பூரா அண்ணாந்து பாத்து தொரட்டி போடறவங்க நெறைய பேருக்கு கழுத்து புடிச்சுக்கும், எங்கப்பாவுக்கும் அப்படித்தான், அவருக்கு நான் செய்யறத சொல்றேன்.

மொதல்ல 10 நிமிஷம் சுடுதண்ணி ஒத்தடம். அப்புறம் மல்லாக்க படுக்க வச்சு தலமாட்டுல ஒக்காந்து, பின்மண்டை எலும்பு முடியற எடத்துக்கு கீழ ரெண்டு கை வெரல் நுனியையும் குடுத்து தலை வெயிட்ட அப்படியே வெரல் மேல விட்டுடணும், அழுத்தவே வேணாம், ரெண்டு மூணு நிமிஷத்துல கல்லு மாதிரி இருந்த சதை எளகறது வெரலுக்கே தெரியும். அடுத்து கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல முடிச்சு மாதிரி தட்டுப்படற எடத்துல கட்டவெரலால தாங்கற அளவுக்கு 30 செகண்ட் அழுத்திட்டு விடுங்க. கழுத்து முன்பக்கம் மட்டும் கை வைக்கவே கூடாது.

சலூன்ல சட்டுனு தலைய திருப்பி சொடக்கு எடுக்கறாங்களே, தயவுசெஞ்சு வேணாம்ங்க, மூளைக்கு போற ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. கை மரத்துப்போனாலோ பலம் கொறஞ்சாலோ, காய்ச்சலோட கழுத்து வெறச்சாலோ, மரத்துலருந்து விழுந்து வந்த வலின்னாலோ நாம தொடாம நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போயிடுங்க.