பேஸ்பால் ஓய்வுக்காலத்தைப் பின்தொடர்வது எப்படி? பேனா, பென்சில், ஒரு நோட்டுப் புத்தகம்

2025 நவம்பர் 1, டொரான்டோ. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை நீண்டது. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 5-4 என்ற கணக்கில் டொரான்டோ புளூ ஜேஸை வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. இனி அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மார்ச் கடைசி வரை காத்திருக்க வேண்டும். புதிதாக இந்த விளையாட்டுக்கு வந்தவர்களில் பலர் இந்த இடத்தில்தான் ஆர்வம் இழந்து விலகிவிடுகிறார்கள்.

உள்ளே வர இதைவிட நல்ல நேரம் இல்லை என்பேன். ஆட்டப் பருவத்தில் மேஜர் லீகின் (எம்எல்பி, வட அமெரிக்காவின் முதல்நிலைத் தொழில்முறை லீக்) முப்பது அணிகளும் தலா 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஒரு பெயரை மனத்தில் இருத்துவதற்குள் பத்துப் பெயர்கள் கடந்துபோய்விடும். குளிர்காலத்தில் செய்தி மெதுவாக வருகிறது. ஒரு வீரர் யார், எங்கிருந்து வந்தார், ஏன் இவ்வளவு சம்பளம் என்று நின்று கேட்க அவகாசம் கிடைக்கிறது. அமெரிக்காவில் இந்தக் காலத்துப் பேச்சுக்கு 'ஹாட் ஸ்டோவ்' என்று பெயர். பனிக்காலத்தில் ஊர்க்கடையின் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேஸ்பால் பேசிய பழக்கத்திலிருந்து வந்த பெயர் அது.

படி 1: ஓர் அணி, ஒரு நோட்டு

முப்பது அணிகளையும் பின்தொடர முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடந்த பருவத்தில் கோப்பைக்கு அருகில் வந்து தோற்ற அணி என்றால் நல்லது. அந்த அணிக்கு என்ன குறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும், அதை நிரப்ப அது என்ன செய்கிறது என்று பார்ப்பது எளிது. நோட்டின் முதல் பக்கத்தில் அந்த அணியின் 40 வீரர்கள் பட்டியலை எழுதுங்கள். எம்எல்பி இணையதளத்திலேயே ஒவ்வோர் அணிக்கும் அந்தப் பட்டியல் இருக்கிறது. பார்த்து எழுதுவது சலிப்பாக இருக்கும். ஆனால் கையால் எழுதிய நாற்பது பெயர்கள் பிறகு செய்தியில் வரும்போது அடையாளம் தெரியும்.

கூடவே ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் வேண்டும். ஏன் இரண்டு என்பது நான்காவது படியில்.

படி 2: நாட்காட்டியில் ஐந்து குறிகள்

நவம்பர்: ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வெளியே வருவதும், விருதுகள் அறிவிக்கப்படுவதும் இந்த மாதத்தில். டிசம்பரின் முதல் பாதி: எல்லா அணிகளின் நிர்வாகிகளும் ஒரே ஊரில் கூடும் குளிர்காலக் கூட்டம், 2024-இல் டாலஸ், 2025-இல் ஆர்லாண்டோ. ஜனவரி: சிறந்த வீரர்களைச் சேர்க்கும் புகழ்மன்றமான ஹால் ஆஃப் ஃபேமின் வாக்கெடுப்பு முடிவு. பிப்ரவரி தொடக்கம்: கரீபிய நாடுகளின் குளிர்கால லீக் சாம்பியன்கள் மோதும் கரீபியன் சீரிஸ். பிப்ரவரி நடுப்பகுதி: பந்து வீசும் பிட்ச்சர்களும் அதைப் பிடிக்கும் கேட்சர்களும் ஃப்ளோரிடா, அரிசோனா பயிற்சி முகாம்களுக்கு வந்து சேரும் நாள்.

அமெரிக்கக் கிழக்குக் கரையைவிட இந்திய நேரம் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலையில் வெளியாகும் செய்தி இங்கே மறுநாள் அதிகாலையில் வந்து சேரும். ஆகவே காலையில் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும்.

படி 3: ஒரு வீரரின் மூன்று கட்டங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். இங்கே ஏலம் கிடையாது. வீரர் எத்தனை ஆண்டு மேஜர் லீகில் இருந்தார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

பெரும்பாலோருக்கு முதல் மூன்று ஆண்டுகள் அணி தருவதே சம்பளம். குறைந்தபட்சத் தொகைக்கு அருகிலேயே இருக்கும். மூன்று முதல் ஆறு ஆண்டு வரை, ஒத்துவராவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். அங்கே வீரர் ஒரு தொகை கேட்பார், அணி ஒரு தொகை சொல்லும். நடுவர்கள் அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுவில் ஒரு தொகையைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆறு ஆண்டு நிறைந்து ஒப்பந்தமும் முடிந்தால் அவர் ஃப்ரீ ஏஜென்ட்; எந்த அணியோடும் பேசலாம்.

அந்த 'ஆண்டு' என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. மேஜர் லீகில் ஆடும் வீரர்களின் பட்டியலில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிறிஸ் பிரையன்ட் என்ற இளைஞரைப் பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்தே அழைத்தது. அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அவருடைய விடுதலை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் முறையிட்டார், 2020-இல் தீர்ப்பு அணியின் பக்கம் வந்தது. அந்த 171 நாளில் அவர் சிறந்த புதுமுகம் விருதும் வாங்கியிருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த விடுதலையே சும்மா கிடைத்ததல்ல. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, பன்னிரண்டு ஆண்டுகள் தனக்காக ஆடிய கர்ட் ஃபிளட்டை அவரைக் கேட்காமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. அன்றைய விதிப்படி ஒப்பந்தத்தை அணி மட்டுமே ஆண்டுதோறும் நீட்டித்துக்கொண்டே போகலாம். வீரருக்கு வேறு வழியில்லை. ஃபிளட் மறுத்தார். தன் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கத் தான் ஒரு சொத்து அல்ல என்று டிசம்பர் 24 அன்று லீக் ஆணையருக்கு எழுதினார். 1970 பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் 5-3 என்று தோற்றது. ஆனால் 1975 டிசம்பர் 23 அன்று, ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரண்டு பிட்ச்சர்களின் வழக்கில் நடுவர் பீட்டர் சைட்ஸ் வீரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கடிதம், தீர்ப்பு இரண்டும் ஆட்டமே நடக்காத டிசம்பரில். இந்தப் பக்கத்தை நோட்டில் பேனாவால் எழுதுங்கள். நவம்பரில் 'இன்னார் ஃப்ரீ ஏஜென்ட் ஆனார்' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் அதன் பின்னால் ஃபிளட் நிற்கிறார்.

படி 4: வினைச்சொல்லைப் படியுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுக்காலச் செய்தியில் பெரும்பகுதி நடந்தது அல்ல; நடக்கலாம் என்பது. ஆங்கிலத் தலைப்பைப் படித்ததும் அதை மனத்துக்குள் தமிழாக்கிப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில் வந்து நிற்கும். செய்தியின் எடை அங்கே தெரிந்துவிடும். 'அணி ஆர்வம் காட்டுகிறது' என்றால் ஒன்றுமே நடக்கவில்லை. வீரரின் முகவரே விலை ஏற அப்படிச் சொல்லியிருக்கலாம். 'பேசிவருகிறது' என்றால் கொஞ்சம் எடை. 'உடன்பாடு எட்டியது' என்றால் நிறைய எடை, ஆனாலும் முடிவல்ல. 'அணி அறிவித்தது' என்பது மட்டுமே முடிவு. முதல் மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். கடைசிக்கு மட்டும் பேனா.

உடன்பாடு ஏன் முடிவல்ல? மருத்துவப் பரிசோதனை பாக்கி இருக்கிறது. 2022 டிசம்பரில் கார்லோஸ் கொரேயா சான் ஃபிரான்சிஸ்கோவோடு 13 ஆண்டுகளுக்கு 35 கோடி டாலர் என்று உடன்பட்டார். வலது காலில் பழைய அறுவைச் சிகிச்சை இருந்த இடம் பரிசோதனையில் ஐயத்தைக் கிளப்பியது. அறிமுகக் கூட்டம் நிறுத்தப்பட்டது. சில நாட்களில் நியூயார்க் மெட்ஸோடு 12 ஆண்டு, 31.5 கோடி. அங்கேயும் அதே கால், அதே தயக்கம். ஜனவரியில் அவர் கையெழுத்திட்டது தன் பழைய அணியான மினசோட்டாவில், 6 ஆண்டு, 20 கோடிக்கு. ஒரு மாதத்தில் மூன்று அணி!

பென்சிலுக்கு இன்னொரு சான்று 2023 டிசம்பர் 8. ஜப்பானிய நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி டொரான்டோவோடு சேரப்போகிறார் என்ற செய்தி பரவியது. தெற்குக் கலிஃபோர்னியாவிலிருந்து டொரான்டோவுக்குக் கிளம்பிய ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கானோர் இணைய வரைபடத்தில் பின்தொடர்ந்தார்கள். விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் கனடாவின் ஒரு தொழிலதிபர். மறுநாள் ஓடானியே டாட்ஜர்ஸில் சேர்வதாக இன்ஸ்டாகிராமில் அறிவித்தார். ரசிகர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசை இருப்பதால்தான் குளிர்காலத்திலும் இந்த விளையாட்டு உயிரோடு இருக்கிறது.

படி 5: தொகையைப் பிரித்துப் படியுங்கள்

முதலில் ஒரு சின்ன வசதி: மில்லியனைப் பத்தால் வகுத்தால் கோடி. 700 மில்லியன் டாலர் என்றால் 70 கோடி டாலர்.

அதுதான் ஓடானியின் பத்தாண்டு ஒப்பந்தத் தொகை. ஆனால் பத்து ஆண்டும் அவர் வாங்குவது ஆண்டுக்கு வெறும் 20 லட்சம் டாலர். மீதி 68 கோடி, 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் பிரித்துத் தரப்படும். அடுத்த ஆண்டு ஹுவான் சோட்டோ மெட்ஸோடு 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் பேசியபோது, அதில் தள்ளிவைத்த பணம் எதுவும் இல்லை. ஆகவே எந்தத் தொகையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி: எத்தனை ஆண்டு? எப்போது தருகிறார்கள்? வீரர் நடுவில் விலகிக்கொள்ள வழி உண்டா?

தள்ளிவைத்த பணத்தில் புகழ்பெற்றது பாபி போனியாவின் கதை. மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்த 59 லட்சம் டாலரை வட்டியோடு பின்னால் தருவதாக ஒப்புக்கொண்டது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்குச் சுமார் 11.9 லட்சம் டாலர் போய்ச் சேர்கிறது.

படி 6: கடைசிப் பத்திச் செய்திகளைத் தவறவிடாதீர்கள்

பெரிய ஒப்பந்தங்களை யாரும் சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்தவை ஒரு வரியில் முடியும் செய்திகள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் சிறு லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை லீக்) ஒப்பந்தத்தில் சேர்த்ததும் அப்படி ஒரு வரிதான். மேஜர் லீகை அவர்கள் எட்டவில்லை; ஆனால் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் அவர்கள்.

இந்த வகையில் முதலில் கவனிக்க வேண்டியது 'ரூல் 5' தேர்வு. சிறு லீகுகளில் நான்கைந்து ஆண்டாகக் காத்திருக்கும் ஒருவரை அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால், இன்னோர் அணி ஒரு லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த பருவம் முழுவதும் மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. திறமையைப் பூட்டி வைக்கக் கூடாது என்பதற்கான விதி.

1954 நவம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ், தன் சிறு லீக் கிளையான மான்ட்ரியால் அணியில் ஒரு புவெர்ட்டோ ரிக்கோ இளைஞரை வைத்திருந்தது. கடைசி இடத்தில் இருந்த பைரேட்ஸ், இந்தத் தேர்வில் 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. அவர் ராபர்ட்டோ கிளமென்டே. பதினெட்டுப் பருவங்கள், இரண்டு வேர்ல்ட் சீரிஸ், சரியாக 3,000 ஹிட்கள் (பந்தை அடித்து பேஸை எட்டியவை). 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள்களோடு அவர் ஏறிய விமானம் கடலில் விழுந்தது. ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிய வேண்டும் என்ற விதியை ஒதுக்கிவைத்து, 1973-லேயே ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வீரர் அவர். அவருடைய பேஸ்பால் வாழ்க்கையின் வாசல் திறந்ததும், அவர் மறைந்ததும் ஆட்டமில்லாத குளிர்காலத்தில்.

படி 7: துணுக்குகளைக் கேள்வியோடு சேர்த்து எழுதுங்கள்

துணுக்கு மட்டும் எழுதினால் மறந்துபோகும். 'ஏன்?' என்ற கேள்வியைச் சேர்த்தால் தங்கும். உதாரணமாக, 2025 ஜனவரியில் ஹால் ஆஃப் ஃபேம் வாக்கெடுப்பில் இச்சிரோ சுசுகிக்கு 394 வாக்கில் 393 கிடைத்தது. 2020-இல் டெரெக் ஜீட்டரும் ஒரே வாக்கில்தான் முழுமையைத் தவறவிட்டார். அப்படியானால் முழு வாக்கும் பெற்றவர் யார்? 2019-இல் மரியானோ ரிவேரா, 425-க்கு 425. இன்றுவரை அவர் ஒருவர்தான் என்பதோடு, அவர் அணிந்த 42 என்ற எண்ணை ஏன் இப்போது எந்த அணியிலும் நிரந்தரமாக அணிவதில்லை என்று தேடுங்கள். ஜாக்கி ராபின்சனிடம் போய்ச் சேர்வீர்கள். சேர வேண்டியவர் 75 சதவீதம் வாங்க வேண்டும், ஐந்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே நீக்கம் என்ற விதியும் அதே பக்கத்தில் வரட்டும்.

சிரிக்க ஒன்று: 1962-இல் மெட்ஸ், கேட்சர் ஹேரி சிட்டியைக் கிளீவ்லாண்டிலிருந்து வாங்கியது. பதிலுக்குத் தரும் வீரரைப் பின்னர் சொல்வதாக ஏற்பாடு. சில வாரங்கள் கழித்து அனுப்பிவைத்த வீரர், ஹேரி சிட்டியேதான்.

படி 8: பிப்ரவரியில் நோட்டைத் திருப்புங்கள்

முகாம் திறக்கும் நாளில் உங்கள் அணியின் புதிய பட்டியலை முதல் பக்கத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போனவரை அடியுங்கள், வந்தவரைச் சேருங்கள். பிறகு பென்சில் வரிகளுக்கு வாருங்கள். அவற்றை அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை முதலில் சொன்ன செய்தியாளரின் பெயரைக் குறித்து, எத்தனை வரி உண்மையானது என்று எண்ணுங்கள். அதிகம் பலித்த இரண்டு பெயர்களை அட்டையின் உட்பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த நவம்பரில் காலையில் எழுந்ததும் முதலில் படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.