பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ்: ஐஎஸ்ஓ அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

பத்து, பன்னிரண்டு வருடப் பழைய லேப்டாப்புக்கு எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) போடலாம் என்று தேடும்போது, பலரும் முதலில் பார்ப்பது ஐஎஸ்ஓ கோப்பின், அதாவது நிறுவுவதற்காக இறக்கும் கோப்பின், அளவைத்தான். டைனி கோர் என்ற டிஸ்ட்ரோ ஏறக்குறைய 23 எம்பிதானே, பறக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அதில் பிரவுசர் கிடையாது. வைஃபைக்கு வேண்டியதையும் தனியாகத்தான் ஏற்ற வேண்டும். எல்லாம் ஏற்றி, ஃபயர்பாக்ஸில் நாலைந்து டேப் திறந்தால் 2 ஜிபி ரேம் திணறத்தான் செய்யும். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் ரேமை விழுங்குவது இன்றைய வலைத்தளங்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி, முடிந்தால் ரேமை 4 ஜிபி ஆக்குவது, கூடவே இசட்ரேம் (ரேமில் இருப்பதைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தும் லினக்ஸ் வசதி): இந்த மூன்றும் தரும் வேகத்தை டிஸ்ட்ரோ மாற்றித் தேடினால் கிடைக்காது. இவற்றைச் செய்தபின் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்கியூடி என்ற இலகுவான டெஸ்க்டாப்கள் இரண்டில் எதுவும் போதும்.

அடுத்த தவறு, பிராசசர் 32 பிட்டா 64 பிட்டா என்று பார்க்காமலே இறங்குவது. 2008-இல் வந்த நெட்புக்குகளின் (சிறிய லேப்டாப்புகளின்) பிராசசரான இன்டெல் ஆட்டம் என்270, 32 பிட் மட்டுமே. டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 13-ஆம் பதிப்புக்கு (2025) 32 பிட் இன்ஸ்டாலர் இல்லை. குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து அதை நிறுத்திவிட்டது. ஆன்டிஎக்ஸ் போன்ற டிஸ்ட்ரோக்கள் அந்த மெஷின்களை இன்னும் ஓட வைக்கும். ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பிரவுசரில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். பாட்டு கேட்க, கோப்பு சேமிக்க மட்டும் அந்த மெஷினை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்பைன் லினக்ஸ் என்ற சிறிய டிஸ்ட்ரோ சர்வருக்கும் கன்டெய்னருக்கும் (மென்பொருளைத் தனியாகப் பிரித்து ஓட்டும் முறை) அருமையானது. மென்பொருள்கள் இயங்க அடிப்படையான சி லைப்ரரியாக, பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் உள்ள ஜிலிப்சிக்குப் பதில் மசல் என்பதை அது பயன்படுத்துவதால், குரோம் மாதிரி ஜிலிப்சிக்காகத் தொகுக்கப்பட்ட மென்பொருள்கள் அதில் நேரடியாக ஓடாது. வீட்டு டெஸ்க்டாப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பப்பி என்ற இன்னொரு சிறிய டிஸ்ட்ரோ வழக்கமாக ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) பயனராகவே இயங்கும் என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

சொந்தமாகக் கட்ட ஆசையா? லினக்ஸை மூலநிரலிலிருந்து நாமே தொகுத்துக் கட்டக் கற்றுத்தரும் லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச் செய்து பாருங்கள், சிஸ்டம் எப்படி எழுந்து நிற்கிறது என்பதைக் கற்க அதைவிட நல்ல வழி இல்லை. தினசரி வேலைக்கு மட்டும் அதை நம்பி உட்கார வேண்டாம். அதில் மென்பொருள்களை நிறுவி அப்டேட் செய்யும் பேக்கேஜ் மேனேஜர் இல்லை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், திருத்திய பதிப்பைத் தேடித் தொகுப்பது உங்கள் பொறுப்பு. அதற்குப் பதில் டெபியன் நெட்இன்ஸ்ட் (மீதியை இணையத்திலிருந்து இறக்கும் சிறிய இன்ஸ்டாலர்) எடுத்து, டெஸ்க்டாப் எதையும் டிக் செய்யாமல் நிறுவுங்கள். பிறகு தேவையானதை மட்டும், கூடவே தானாக வரும் பரிந்துரைத் தொகுப்புகளைத் தவிர்த்துச் சேருங்கள். சிஸ்டம் சிறியதாகவே இருக்கும், அப்டேட்டும் தவறாமல் வரும்.

எதை எடுத்தாலும் டிஸ்க்கை அழிக்கும் முன் லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து) ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா? மிகச் சிறிய டிஸ்ட்ரோக்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இருக்காது. லோகித் அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவையும், தமிழ்99 தட்டச்சுக்கு ஐபஸ் எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருளையும் முதல் நாளே நிறுவிவிடுங்கள்.