‘டீச்சர், எங்க ஆடு குட்டி போட்டுச்சு!’: காலைச் செய்தியை வைத்தே வாசிக்கப் பழக்கலாம்

ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்து நாற்காலியில் உட்காருவதற்குள் செய்தி வந்து விழ ஆரம்பித்துவிடும். பல் விழுந்தது, மாமா வந்தார், காலை உணவில் இன்றைக்குக் கிச்சடி. "சரி சரி, புத்தகத்தை எடு" என்று நாம் அடக்கிவிடுகிற இந்தப் பேச்சைவிட நல்ல வாசிப்புப் பாடம் வேறு கிடைக்காது. தான் சொன்னது என்பதால் பலகையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும், பொருள் புரியாமல் திண்டாட வேண்டியதில்லை, கவனம் முழுவதும் எழுத்தின் மேல் போகும். பிரான்சில் செலஸ்டின் ஃப்ரெனே என்ற ஆசிரியர் 1920களிலேயே ஒரு கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் சொன்னதை அவர்களை வைத்தே அச்சுக் கோத்து வாசிக்க வைத்தார். நமக்கு அச்சு இயந்திரமெல்லாம் வேண்டாம், கரும்பலகையும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் போதும்.

தினமும் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், எல்லோரையும் கேட்கப் போனால் கணக்குப் பாடம் போய்விடும். யார் முறை என்று பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தன் பெயரையும் பக்கத்தில் இருப்பவன் பெயரையும் பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இப்போது நிலா சொல்கிறாள்: "எங்க ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு." இதை எப்படி எழுதுவது என்பதில்தான் ஆசிரியர்களுக்குள் சண்டை வரும். அப்படியே எழுது என்பார் ஒருவர், "நிலாவின் இல்லத்தில் உள்ள ஆடு ஈன்றது" என்று எழுதிவிட்டுப் போவார் இன்னொருவர். ஈன்றது என்று எழுதினால் அது நிலாவின் செய்தியே இல்லை. அவள் சொன்ன சொற்களுக்குப் பதில் வேறு சொல் போடாதீர்கள், ‘எங்க’ என்ற இடத்தில் அவள் பெயர், ‘ரெண்டு’, ‘போட்டுச்சு’ இரண்டுக்கும் எழுத்து வடிவம், இவ்வளவு மட்டும், அதுவும் அவளிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள்: "நாம பேசும்போது போட்டுச்சு, எழுதும்போது போட்டது. போடலாமா?" பலகையில் இப்படி வரும்: நிலாவின் ஆடு இரண்டு குட்டி போட்டது.

எழுதும்போது அவசரப்படாதீர்கள், வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ‘போ’ வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். காதுக்கு முதலில் கேட்பது ‘ப்’, கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு. தமிழ் வாசிக்கத் தொடங்கும் பல பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, மூன்றும் சேர்ந்தால்தான் ‘போ’ என்று காட்டுங்கள். ஓர் எழுத்து இப்படி உருவாவதை அச்சிட்ட புத்தகம் காட்டாது, பலகை காட்டும். ‘குட்டி’க்கு வந்ததும், "நடுவில என்ன போடணும்?" என்று கேட்டால் "ட் டீச்சர், புள்ளி வச்சது" என்று யாராவது கத்துவார்கள்.

எழுதி முடித்ததும் குச்சியால் சொல்லுக்குச் சொல் தொட்டு எல்லோரும் வாசிக்க வேண்டும். இங்கே ஒரு ஆபத்து உண்டு: இரண்டாம் முறைக்குள் மனப்பாடமாகிப் பலகையைப் பார்க்காமலே பாட ஆரம்பிப்பார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள், அல்லது ஒரு சொல்லைக் கையால் மறைத்துவிட்டுக் காணாமல் போனது எது என்று கேளுங்கள். பாட்டு அப்போதே நின்றுவிடும்.

அசல் வேலை மறுநாள்தான், பலரும் விட்டுவிடுவதும் அதைத்தான். நேற்றைய செய்தியைத் தாளில் எழுதிச் சொல் சொல்லாக வெட்டி, கலைத்துக் கொடுங்கள், தரையில் வைத்து வரிசைப்படுத்தட்டும். அப்புறம், கவின் தன் பூனையைப் பற்றி ஒரு செய்தி சொல்லியிருந்தால், அந்தச் சொற்களையும் அதோடு கலந்துவிட்டால் "கவினின் பூனை இரண்டு குட்டி போட்டது" என்று யாரும் சொல்லாத செய்தி ஒன்று கிளம்பும். சிரித்துக்கொண்டே அதை வாசித்துவிட்டார்கள் என்றால் அது மனப்பாடமில்லை.

எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான தமிழ்நாடு அரசின் திட்டம்) வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தால் பலகையில் எழுதும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம். ல, ள, ழ தப்பு நிறைய வரும், திருத்தம் செய்வதே ஒரு பாடமாகிவிடும். வாயே திறக்காத பிள்ளை என்றால் படம் வரையச் சொல்லுங்கள், அதைக் காட்டிப் பக்கத்துப் பிள்ளையிடம் முணுமுணுக்கிற ஒரே சொல்லைப் படத்துக்குக் கீழே எழுதினாலும் செய்திதான்.

"அப்பா குடிச்சிட்டு அம்மாவை அடிச்சாரு" என்றும் ஒரு நாள் வரும். அதைப் பலகையில் ஏற்றக் கூடாது, அதட்டி மூடவும் கூடாது. "அப்புறம் நாம தனியா பேசலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு மறக்காமல் பேசுங்கள், தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள், பிள்ளைக்கே ஆபத்து என்று பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

வாரக் கடைசியில் அந்த வாரச் செய்திகளை ஒரே தாளில் எழுதிப் பிள்ளைகளின் கண் உயரத்தில் தொங்கவிடுங்கள். போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம், ஆனால் கூடவே ஒரு வரி சேருங்கள்: பிள்ளை வாசிக்கும்போது கேட்டால் மட்டும் போதும், ‘இது என்ன எழுத்து’ என்று பரீட்சை வைக்க வேண்டாம்.