ரைன் கரையின் கிறிஸ்துமஸ் சந்தைகள்: ஐந்து பேர், ஒரு டிக்கெட், ஒரே கரை

ஜெர்மனியின் கொலோனிலிருந்து ரைன் நதியை ஒட்டித் தெற்கே சென்றால் பான், கோப்லென்ஸ், ரூடெஸ்ஹைம், மைன்ஸ் என்று ஊருக்கு ஊர் கிறிஸ்துமஸ் சந்தை. வரைபடத்தில் எல்லாம் அருகருகே தெரியும். அதை நம்பி ஒரே நாளில் நாலு ஊருக்குத் திட்டம் போடும் நண்பர் குழு, சந்தையில் நிற்பதைவிட ரயில் நிலையத்தில்தான் அதிக நேரம் நிற்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஊர் போதும், அதுவும் ஒரே கரையில்.

கரை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்லென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே ரைனின் குறுக்கே ஒரு பாலம்கூடக் கிடையாது. இரண்டு கரையிலும் தனித்தனி ரயில் பாதை. ரூடெஸ்ஹைம் வலது கரையில், பிங்கன் அதற்கு நேர் எதிரே இடது கரையில். தெரியாமல் இடது கரை ரயிலில் ஏறிவிட்டால் பிங்கனில் இறங்கிப் படகில்தான் கடக்க வேண்டும். அப்படி நேர்ந்தால் பிங்கன் ஸ்டாட் நிலையத்தில் இறங்குங்கள். பிங்கன் ஹௌப்ட்பான்ஹோஃப் என்ற தலைமை நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு நடை அதிகம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். தண்டவாளப் பணி நடக்கும் நாட்களில் ரயிலுக்குப் பதில் பேருந்து ஓடும். அறிவிப்புப் பலகையில் அதற்கு எஸ்.இ.வி. என்று போட்டிருப்பார்கள், பயண நேரமும் கூடும்.

ஐந்து பேர் வரை சேர்ந்து போக க்வேர்-டுர்க்ஸ்-லாண்ட் என்ற ஒருநாள் ரயில் டிக்கெட் சரியாக வரும். வார நாட்களில் காலை 9 மணிக்குத்தான் தொடங்கும், மறுநாள் அதிகாலை 3 வரை செல்லும். சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். பிராந்திய ரயில்களுக்கு மட்டும்; ஐ.சி.இ., ஐ.சி. என்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் ஏறினால் அபராதம்தான். பயணிகள் எல்லோருடைய பெயரும் டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒருவர் முன்னதாகத் திரும்ப நினைத்தால் அவருக்குத் தனி டிக்கெட் எடுத்துவிடுவது நல்லது.

தேதி விஷயத்தில் பலர் ஏமாறுவது டோட்டன்சொன்டாக் அன்று. இறந்தோரை நினைக்கும் அந்த ஞாயிறு, முதல் அட்வெண்ட் ஞாயிறுக்கு (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் முதலாவது) முந்தைய வாரம் வரும். 2026இல் நவம்பர் 22. முன்பே திறந்த சந்தைகளும் அன்று பெரும்பாலும் மூடியிருக்கும். முடிவும் அப்படித்தான்: பல சந்தைகள் டிசம்பர் 23ஆம் தேதியோடு சரி, கிறிஸ்துமஸ் அன்று வெறும் சதுக்கம்தான் மிஞ்சும். திங்கள் முதல் வியாழன் வரை, மாலை 4 மணிக்குச் சென்றால் அரைமணி நேரத்தில் இருட்டி விளக்குகள் எடுப்பாகத் தெரியும், கூட்டமும் முழுதாகச் சேர்ந்திருக்காது. சனிக்கிழமை மாலை கொலோன் தேவாலயத்தின் முன் இருக்கும் சந்தையில் ஐந்து பேர் ஒன்றாக நகர முடியாது.

கிளூவைன் என்ற சூடான மசாலா ஒயின் வாங்கும்போது கோப்பைக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்கள். அந்த முன்பணம்தான் ப்ஃபண்ட். சில கடைகளில் கோப்பையோடு ஒரு அடையாள வில்லை தருவார்கள். வில்லையைத் தொலைத்தால் பணம் திரும்பாது. ஒருவர் வாங்கி ஐந்து பேர் குடிக்கும்போது வில்லைகள் எல்லாம் வாங்கியவர் பையிலேயே இருக்கட்டும். ஒரு சந்தையின் கோப்பையை வேறு சந்தையில் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள், கொலோனுக்குள்ளேயே கூட. பிடித்திருந்தால் கோப்பையை வைத்துக்கொள்ளலாம், முன்பணம்தான் விலை.

வின்ட்சர்-கிளூவைன் என்று எழுதியிருக்கும் கடையைத் தேடுங்கள். திராட்சை பயிரிடுபவரே தன் ஒயினில் செய்தது அது. ஆவி பொங்கக் கொதிப்பதை விடுங்கள்: சூடு 78 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் வேகமாக ஆவியாகும், மசாலாவும் கசக்கும். ‘மிட் ஷுஸ்’ என்றால் ரம்மோ வேறு மதுவோ கூடச் சேரும்; வெறும் வயிற்றில் வேண்டாம். மது வேண்டாதவர் கிண்டர்பன்ஷ் கேட்கலாம்.

இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ரைபகூகன் இருக்கிறது: துருவிய உருளைக்கிழங்கைத் தட்டி எண்ணெயில் பொரித்து, ஆப்பிள் கூழோடு தருவது. மாவில் முட்டை இருக்கும். மெல்லிய மாவுத் தட்டையான ஃப்ளாம்கூகனில் பன்றி இறைச்சி தூவியிருப்பார்கள், “ஓனே ஷ்பெக்” (பன்றி இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிப் பாருங்கள்.

பணமாக 1, 2 யூரோ நாணயங்கள் நிறைய வைத்திருங்கள். கார்டு எடுக்காத கடைகள் இன்னும் உண்டு, கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும். பழம் நறுக்கக்கூடப் பையில் கத்தி வேண்டாம், 2024 முதல் இத்தகைய பொது நிகழ்வுகளில் தடை. குளிரில் முதலில் தோற்பது கால்தான். கல் பாவிய தரையில் மூன்று மணி நேரம் நிற்க, கம்பளிக் காலுறையும் தடித்த அடியுள்ள காலணியும் வேண்டும். இரண்டு காலுறை மாட்டி இறுகிப்போனால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும்.

கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தைச் சந்தைக்கு வெளியே வையுங்கள். ‘பெரிய மரத்தடி’ என்றால் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். கோப்லென்ஸில் மோசலும் ரைனும் கூடும் டாய்ச்சஸ் எக் சிலையடி நல்ல இடம்.

மழை பெய்தால் திட்டத்தை மாற்றி மோசல் பக்கம் போகலாம். ட்ராபன்-ட்ரார்பாகில் சந்தை நடப்பது நிலத்தடி ஒயின் கிடங்குகளில். கோப்லென்ஸிலிருந்து புல்லாய் வரை ஒரு ரயில், அங்கே மாறி மோசல் கிளைப்பாதை ரயில். எந்தக் கிழமைகளில் திறக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.