எக்ஸ்எம்எல் தரவுக்குத் தோற்றம் தருவதும் வலைப்பக்கத்தோடு பிணைப்பதும்

தரவைக் குறிச்சொற்களுக்குள் எழுதிவைக்கும் மொழியான எக்ஸ்எம்எல்லைக் கற்கத் தொடங்குபவர்கள் முதலில் கைக்கொள்ள வேண்டிய பழக்கம், தரவையும் அதன் தோற்றத்தையும் வெவ்வேறு கோப்புகளில் வைத்திருப்பது. ஒரு பேருந்து நிலையத்தின் கால அட்டவணையை எடுத்துக்கொள்வோம்.

<அட்டவணை>
  <பேருந்து எண்="21">
    <ஊர்>தஞ்சாவூர்</ஊர்>
    <நேரம்>06:10</நேரம்>
  </பேருந்து>
</அட்டவணை>

குறிச்சொற்களைத் தமிழிலேயே எழுதியிருப்பது வெறும் ஆசைக்காக அன்று. 1998 பிப்ரவரியில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக வெளியான எக்ஸ்எம்எல் 1.0, யூனிகோடு எழுத்துகளைக் குறிச்சொற்களின் பெயர்களிலும் அனுமதிக்கிறது. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் இது இயலாது, ஏனெனில் அங்கே குறிச்சொல் ஆங்கில எழுத்தில்தான் தொடங்க வேண்டும். திறந்த குறிச்சொற்கள் அனைத்தும் முறையாக மூடப்பட வேண்டும், எல்லாவற்றையும் அடக்கும் வேர் உறுப்பு ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், பண்புகளின் மதிப்புகள் மேற்கோள் குறிக்குள் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் உலாவி எச்டிஎம்எல்லைப் போலப் பொறுத்துக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே நின்று, பிழையுள்ள வரியைச் சுட்டிக்காட்டும்.

முதல் பயிற்சியாக, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எதுவும் இல்லாமல், தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நடைத்தாள் மட்டும் கொண்டு இதற்குத் தோற்றம் தந்து பாருங்கள். வேர் உறுப்புக்கு முன்பாக, நடைத்தாளைச் சுட்டும் செயலாக்கக் கட்டளையை ஒரு வரியில் எழுதிவிட்டுக் கோப்பை உலாவியில் திறந்தால், எழுத்துகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவதைக் காண்பீர்கள். 'ஊர்' என்றால் என்ன, 'நேரம்' என்றால் என்ன என்று உலாவிக்குத் தெரியாது. தெரியாத உறுப்புகள் அனைத்தையும் அது இன்லைன், அதாவது வரிக்குள்ளேயே தொடர்வது, என்றே கொள்ளும். எனவே டிஸ்பிளே பண்பின் வழியே 'அட்டவணை'யை டேபிள் என்றும், 'பேருந்து' உறுப்பை அதன் வரிசை என்றும், 'ஊர்', 'நேரம்' இரண்டையும் கட்டங்கள் என்றும் நீங்களே அறிவிக்க வேண்டும். பண்பாக உள்ள வண்டி எண் திரையில் தானாக வராது. அதை, உறுப்பின் உள்ளடக்கத்துக்கு முன்னே சிஎஸ்எஸ் சேர்க்கும் பிஃபோர் என்ற போலி உறுப்பில், பண்பின் மதிப்பை எடுத்துத் தரும் ஆட்ரிபியூட் (attr) சார்பைக் கொண்டு வெளியே கொணரலாம். உறுப்புக்குள் உறுப்பாக அமையும் மர அமைப்பைக் கண்ணால் கண்டு புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சியை நான் அறியேன். ஆயினும் பொதுமக்கள் பயன்படுத்தும் தளத்துக்கு இந்த முறை போதாது: வரிசைகளை நேரப்படி அடுக்க முடியாது, இணைப்புகள் இல்லை, திரைவாசிப்பான்களுக்குத் தேவையான பொருளும் அதில் இல்லை.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'தொகை' என்ற சொல்லில் உள்ள 'தொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எக்ஸ்எம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் அவை வெவ்வேறு பெயர்கள். தரவுக் கோப்பு ஒரு வகையிலும் நடைத்தாள் மற்றொரு வகையிலும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், விதி ஒட்டாமல் போவதன் காரணத்தை மணிக்கணக்கில் தேட நேரும். ஒகர, ஓகார, ஔகாரப் பெயர்களைத் தவிர்ப்பதோ, கோப்புகளை முன்னதாகவே, இத்தகைய இரட்டைக் குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதோ நல்லது.

அடுத்தது பிணைப்பு. 1999இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல், பக்கத்துக்குள்ளேயே எக்ஸ்எம்எல் தரவுத் தீவு ஒன்றை வைத்து, அட்டவணையின் கட்டங்களை அதனோடு நேரடியாகப் பிணைக்கும் வசதி இருந்தது. அது பொதுத் தரமாக ஆகவில்லை. பழைய பாடங்களில் அதைக் கண்டால் பின்பற்ற வேண்டாம்.

இன்றைய வழி இதுதான். ஜாவாஸ்கிரிப்டில் கோப்பை வரவழைக்கும் ஃபெட்ச் கொண்டு அதைப் பெற்று, உரையாக மாற்றி, உரையை உறுப்புகளின் மரமாக ஆக்கித் தரும் டாம்பார்சரிடம் கொடுக்க வேண்டும். உரையாக மாற்றும்போது ஃபெட்ச் எப்போதும் யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கம் என்றே கொள்வதால், பழைய குறியாக்கத்தில் உள்ள கோப்புகள் சிதைந்துவிடும். டாம்பார்சருக்கு வகையைச் சொல்லும்போது எக்ஸ்எம்எல் என்றே குறிப்பிட வேண்டும். எச்டிஎம்எல் என்று கொடுத்துவிட்டால் நம் தமிழ்க் குறிச்சொற்கள் உறுப்புகளாக அமையாது. கோப்பில் பிழை இருந்தால் டாம்பார்சர் நிரலை நிறுத்தாமல், பார்சர்எரர் என்ற உறுப்பு அடங்கிய ஆவணத்தைத் திருப்பித் தரும். அந்த உறுப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மேலே செல்வதே தொடக்க நிலையினர் மிகுதியாகச் செய்யும் தவறு.

அதன்பின் 'பேருந்து' உறுப்புகளைத் திரட்டி, 'நேரம்' மதிப்பின்படி அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் முன்பே எழுதிவைத்த எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டின் (வார்ப்புருவின்) நகல் ஒன்றை எடுத்து நிரப்ப வேண்டும். நேரத்தை 06:10 என்று முன்சுழியத்தோடு எழுதியதன் பயன் இங்கே தெரியும்: உரையாக ஒப்பிட்டாலே வரிசை சரியாக வரும், 6:10 என்று எழுதியிருந்தால் அது 21:30க்கும் பின்னே போய்விடும். நிரப்பும்போது, மதிப்பை வெறும் உரையாகவே வைக்கும் டெக்ஸ்ட்கன்டென்ட் பண்பையே பயன்படுத்துங்கள். மதிப்பை எச்டிஎம்எல்லாகப் படிக்கும் இன்னர்எச்டிஎம்எல்லைப் பயன்படுத்தினால், தரவுக்குள் யாரேனும் ஒளித்து வைத்த நிரல் உங்கள் வாசகரின் உலாவியில் இயங்கக்கூடும். வலைத்தளப் புதுப்பதிவுகளைத் தரும் ஆட்டம் (Atom) ஓடை போன்ற, உறுப்புப் பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் பெயர்வெளி கொண்ட தரவில் உறுப்புகளைத் தேடும்போது அந்தப் பெயர்வெளியின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள்.

எக்ஸ்எம்எல்லை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியாக 1999 நவம்பரில் பரிந்துரையான எக்ஸ்எஸ்எல்டி 1.0 இதே வேலையை அழகாகச் செய்யும். ஆனால் உலாவிகள் அந்தப் பதிப்போடு நின்றுவிட்டன; அதை நீக்கப் போவதாக குரோம் 2025இல் அறிவித்தும் விட்டது. ஆகவே புதிய பணிகளில் எக்ஸ்எஸ்எல்டி மாற்றத்தை வழங்கியில் (சர்வரில்) செய்து, உலாவிக்கு ஆயத்தமான எச்டிஎம்எல்லையே அனுப்புங்கள்.